கடற்புல்லுக்கு வந்த மாப்பிள்ளை

அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம், உன் அப்பாவைத் தவிர. அவருக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை, நடவடிக்கைதான் சரியில்லை. தன் துணியைத் தானே துவைக்கிறார், நான் ஆய்வு நிலையத்திலிருந்து வந்தால் கேட்காமலே தேநீர் நீட்டுகிறார். இத்தனை வருஷக் குடித்தனத்தில் இப்படி நடந்தால் ஏதோ உடைந்திருக்கும், இல்லை ஏதோ ஒளிந்திருக்கும்.

எங்கள் வளைகுடாவின் கடற்புல்லில் நான் இதுவரை பெண் பூவை மட்டுந்தான் பார்த்திருக்கிறேன், உனக்கே தெரியும். விதை கிடையாது, ஒடிந்த துண்டு வேர் பிடித்துத்தான் பரவும், மொத்தமும் ஒரே செடியாகக்கூட இருக்கலாம், ஒரு நோய் வந்தால் ஒன்றாகப் போய்விடும். அதனால்தான் துறைமுகத்துக்கு அங்கே தோண்டக் கூடாதென்று தடை. போன வாரம் எங்கள் நிலையத்தின் புது இயக்குநர் கண்ணாடித் தட்டில் ஆண் பூவோடு ஒரு கொடியைக் கொண்டுவந்து, இனிமே அது தானாப் பெருகிக்கும், தடை எதுக்கு மேடம் என்று வாயெல்லாம் பல்லாகக் கேட்டார். தடையை நீக்க மாதக் கடைசிக்குள் என் கையெழுத்து வேண்டுமாம். துறைமுகக்காரர்கள் வேலை என்றுதான் முதலில் நினைத்தேன். மறுநாள் அதே இடத்தில் மூழ்கிப் பார்த்தால், பக்கத்துக் கொடி ஒரு குச்சியோடு நீல நூலால் இரட்டை முடிச்சில் கட்டிக் கிடந்தது. அப்பா கட்டி நம் தக்காளிச் செடிகளெல்லாம் நிற்கிற முடிச்சு எனக்குத் தெரியாதா?

நேற்று சாப்பிடும்போது அவரே, உன் புல்லுக்கு ஒரு வழி பொறந்துச்சே, சந்தோஷந்தானே என்று தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார். ஓர் ஆண் பூவுக்கு நான் ஏங்குவது பொறுக்காமல் வேறு ஊர்ப் புல்லை மாப்பிள்ளையாக்கி, நம் புல்லின் தலையிலேயே மண்ணை அள்ளிப் போட்டுவிட்டார் மனுஷன். முடிச்சைக் காட்டி அவரைச் சபையில் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. நீ வேலை செய்யும் மரபணு ஆய்வுக்கூடம் இந்த ஆண் கொடி வேறு ஊரிலிருந்து வந்தது என்று ஒரு வரி சொன்னால் போதும், தடை நீடிக்கும்.

இத்துடன் இரண்டு பொட்டலம் காய்ந்த இலை. ஒன்று நம் புல், ஒன்று மாப்பிள்ளை. எது எதுவென்று வேண்டுமென்றேதான் எழுதவில்லை, முடிவை நீ வளைக்கக் கூடாதல்லவா. விடுமுறைக்கு நீ வந்தபோது பையில் ஈரத் துணி சுற்றிய டப்பா இருந்தது, கேட்டதற்கு மீன் என்றாய். நீ மீனைத் தொடவே மாட்டாய். நீயும் அப்பாவும் சேர்ந்து எனக்காகத்தான் செய்தீர்கள் என்று தெரிந்து அழுதேன், கோபமும் தீரவில்லை.

வேளைக்குச் சாப்பிடு, நன்றாக இரு. வருகிற முடிவை அப்படியே எழுதி அனுப்பு. அப்பாவிடம் முதலில் சொல்லாதே.

உன்னையும் சந்தேகப்பட்டுக்கொண்டே உன்னைத்தான் நம்பியிருக்கும்,
அம்மா