நீ எழுதி வைத்த எண்பது எழுத்து வரிகள்

இந்த மேசையில் இன்னும் கராம்பு மணக்கிறது. பூஞ்சணம் பிடிக்காது என்று, மடவளை வீட்டு மரத்துக் கராம்பைச் சீலைத் துண்டில் முடிந்து கணினிப் பிளொப்பித் தட்டுப் பெட்டிக்குள் வைத்தவள் நீ. அன்றைக்குச் சிரித்தேன். சென்ற வாரம் உன் மகள் அந்தப் பெட்டியை என் கையில் தந்தபோது சிரிப்பு வரவில்லை.

பேராதனையில் நாம் இருவரும் உதவி விரிவுரையாளர்கள். தூரத்து விண்மீன் மண்டலம் ஒன்றில் வாயு எப்படிச் சுழல்கிறது என்று கணக்கிட்டோம். வானத்தில் இரண்டு திசைகள், மூன்றாவது அச்சு வேகம். எண்களை அடுக்கிக் கட்டிய ஒரு கனசதுரம். இரண்டு வருட உழைப்பு. நான் வெறும் எண்களைக் கொட்டிச் சேமித்தேன்; எந்த எண் எது என்பதெல்லாம் என் கொப்பியில், கையால் எழுதிய குறிப்பேட்டில், இருந்தது. நீயோ ஃபிட்ஸ் என்ற உலகப் பொது வடிவத்தில்தான் சேமிப்பேன் என்று நின்றாய். அதில் எண்களுக்கு முன்னால் தலைப்பு எழுத வேண்டும்: வரிக்கு எண்பது எழுத்து, எத்தனை அச்சு, எது எவ்வளவு நீளம், என்ன அலகு.

"உனக்கு வேற வேலை இல்லையோடி? எல்லாம் என்ர கொப்பியில கிடக்குதுதானே."

"கொப்பி ஒன்ட கையில ஈக்கிது. பிளொப்பிக்குள்ள என்ன ஈக்கிது?"

இரண்டு நாள் முகம் பார்க்காமல் திரிந்தோம்.

தமிழர் வீடுகளைத் தேடி எரித்த அந்தக் கலவரத்தில் என் வாடகை வீடும் கொப்பியும் சாம்பலாயின. உன் வாப்பா என்னைத் தன் வான் வண்டியில் ஏற்றிப்போய் மடவளையில் வைத்துக் காப்பாற்றினார். யாழ்ப்பாணம் புறப்பட்டபோது உன் பெட்டியிலிருந்த நம் இரண்டு பிளொப்பிகளையும் உன்னிடமே விட்டேன். பிறகு போர், பிறகு வெளிநாடு. நீ மௌத்தான செய்தி தொலைபேசியில் வந்தது. உன் வாசலில் நின்று அழக்கூட எனக்குக் கொடுத்துவைக்கவில்லை.

கண்டியில் பழைய கணினி திருத்துபவர் ஒருவர் இரண்டையும் என் மடிக்கணினிக்கு மாற்றித் தந்தார். இன்று உன் வீட்டில் உட்கார்ந்து முதலில் என்னுடையதைத் திறந்தேன். எந்த அச்சு முதலில் என்பது மறந்துபோயிருந்தது. எப்படி அடுக்கினாலும் திரையில் பொரி இறைத்தது போலத்தான் வந்தது. கொப்பி இல்லாத கெட்டிக்காரி நான்.

பிறகு உன்னுடையது. ஒரே கட்டளை, திறந்துவிட்டது! மூன்று அச்சுகளும் தத்தம் பெயரோடு வந்து நின்றன. வேக அச்சை நகர்த்தினேன். ஒரு பக்கம் நம்மை நோக்கி வர, மறுபக்கம் விலகிப் போக, நாம் கணக்கிட்ட அந்த விண்மீன் மண்டலம் சுழன்றது. நான் போட்ட சத்தத்தில் உன் மகள் சமையலை விட்டுக் குசினியிலிருந்து ஓடிவந்தாள்.

"என்ன ஆன்ட்டி?"

"உன்ர உம்மா வெண்டிட்டா, பிள்ளை!"

தலைப்பின் குறிப்பு வரிகளில் ஆங்கில எழுத்தில் உன் தமிழ்: "இத செஞ்சது நாங்க ரெண்டு பேர். அவ கொப்பியில ஈக்கிதுன்னு சொல்லுவா, நம்ப வாணாம்." கீழே என் பெயர் முதலில், உன் பெயர் அடுத்து. சேமித்த திகதியைப் பார்த்தேன். நாம் பேசாமலிருந்த அந்த இரண்டாம் நாள்.

கொப்பி எரிந்ததிலிருந்து, தலைப்பு எழுதாமல் ஒரு கணினிக் கோப்பையும் நான் மூடியதில்லை. இன்று உன் வரிகளுக்கு அடியில், எண்பது எழுத்துக்குள், என்னுடையதையும் சேர்த்தேன்: "மடவளையில் திறந்தது. இவள் சொன்னதுதான் சரி."