நீ கழற்றிய என்ஜின்

இன்று காலை எதிர்வீட்டுக்காரர் தன் கிணற்று பம்ப்பைக் கழற்றி, பாகங்களை மண்ணெண்ணெயில் ஊறப் போட்டிருந்தார். காற்று நம் வீட்டுப் பக்கம் அடித்தது. வாசனை ஜன்னல் வழியாக வந்ததும் குடித்துக்கொண்டிருந்த காபியைக் கீழே வைத்துவிட்டேன்.

"இன்னா நைனா, நாத்தம் தாங்கலியா? சாத்திடட்டுமா?" என்றாள் நம் மகள்.

திறந்தே இருக்கட்டும் என்றேன். அவளுக்கு அது நாற்றம். எனக்கு அது உன் கை வாசனை. ஒரு கோடை முழுக்க உன் விரல்களை விட்டு அது போகவே இல்லை. எத்தனை சோப்பு போட்டுத் தேய்த்தாலும் சோறு பிசையும்போது மறுபடி வருகிறது என்று முகத்தைச் சுளிப்பாய்.

அப்போது நமக்குக் கல்யாணமாகி இரண்டாவது வருஷம். என்னிடம் ஒரு பழைய பிளஷர் கார் இருந்தது. செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தேன். உனக்குப் பிரசவ வலி எடுத்த அன்று பின்சீட்டில் உன் அம்மா உன்னை மடியில் தாங்கிக்கொள்ள, திண்டிவனம் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். வல்லம் தாண்டியதும் என்ஜினுக்குள் யாரோ சுத்தியலால் அடிப்பதுபோல ஒரு சத்தம். சத்தம் கூடிக்கொண்டே போய், வண்டி ஒரேயடியாக நின்றுவிட்டது. மல்லாட்டைக் கடலை மூட்டை ஏற்றிவந்த லாரியைக் கைகாட்டி நிறுத்தி, உன்னைத் தூக்கி ஏற்றினோம். ஆஸ்பத்திரியில் ஆண் குழந்தை பிறந்தது. அழவில்லை.

காரை மாடு கட்டி இழுத்துவந்து வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் தள்ளினேன். அதன் பிறகு நீ கொட்டகைப் பக்கமே வரவில்லை. என்னிடம் பேசாமல் இல்லை. சோறு ஆறிப்போவுது, தண்ணி எடுத்து வெச்சிருக்கேன் என்ற அளவுக்குப் பேசினாய். நானும் அந்த அளவுக்குத்தான். உன் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம், வண்டி ஓடியிருந்தால் பிள்ளை பிழைத்திருக்கும் என்று நீ நினைப்பதாகவே எனக்குத் தோன்றும். கேட்கத் தைரியம் இல்லை. கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவாயோ என்று பயம்.

ஊரில் வேறொருவருடைய காரை மாற்று ஆளாக ஓட்டிக் கொஞ்ச காலம் தள்ளினேன். மாசி பிறந்ததும் அந்த வேலையும் நின்றது. ஒருநாள் கொட்டகைக்குப் போய் வண்டியைக் கிளப்பிப் பார்க்கலாம் என்று முன்னால் கைப்பிடியைச் செருகிச் சுற்றினேன். என்ஜின் ஒரே ஒரு தரம் பின்பக்கமாக வெடித்துக் கைப்பிடியைத் திருப்பி அடித்தது. வலது மணிக்கட்டு முறிந்தது. வைத்தியர் முட்டை வெள்ளையும் துணியும் மூங்கில் பத்தையும் வைத்து முழங்கை வரை கட்டிவிட்டார்.

அதைக் கேள்விப்பட்டுப் பழைய இரும்பு வாங்குகிற ஒருவர் வீட்டுக்கு வந்தார். காருக்கு விலை பேசி முடிக்கிற நேரத்தில் நீ அடுப்படியிலிருந்து எழுந்து வந்தாய்.

"குடுக்கறதில்ல. நீங்க போங்கய்யா" என்று அவரை அனுப்பிவிட்டு, என் பக்கம் திரும்பினாய். "அந்த என்ஜினக் கழட்டலாம்."

"கைய இப்பிடி வெச்சிக்கினு நான் எப்பிடிக் கழட்டறது?"

"என் கை இருக்குதில்ல."

உன் குரல் அவ்வளவு உரக்க வந்து எத்தனை மாதம் ஆகியிருந்தது!

மறுநாள் தொண்டூரிலிருந்து உன் அண்ணன் வந்தார். தெரிந்த ரைஸ்மில்லில் கேட்டு பாரம் தூக்குகிற ஒரு செயின் பிளாக் வாங்கிவந்திருந்தார். மூன்று பனங்கழிகளை உச்சியில் சேர்த்துக் கட்டி நிறுத்தினோம். நீ புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு காரின் முன்பக்கம் போய் நின்றாய். நான் இடது கையால் சுட்டிக் காட்ட, ரேடியேட்டரைக் கழற்றினாய், ஒயர்களை அவிழ்த்தாய், கியர் பாக்ஸோடு சேர்த்திருந்த போல்டுகளை ஒவ்வொன்றாக விடுவித்தாய். துருப்பிடித்த ஒரு போல்டு மட்டும் வரவே இல்லை. உதவிக்கு என் கட்டுப்போட்ட கையை நீட்டினேன்.

"கையத் தூக்காதீங்கன்னு எத்தினி வாட்டி சொல்றது? சும்மா நில்லுங்க அந்தாண்ட!"

உன் அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்தார். திட்டு வாங்கிய எனக்கும் சிரிப்பு வந்தது. வீட்டில் யாராவது சிரித்தே வெகு நாளாகியிருந்தது.

மண்ணெண்ணெய் விட்டு அந்த போல்டையும் நீயே கழற்றினாய். சங்கிலியை அண்ணன் இழுக்க, என்ஜின் மெல்ல அசைந்து மேலே எழுந்தது. நீ இரண்டு கையாலும் அதைப் பிடித்து எங்கும் இடிக்காமல் திருப்பி, தரையில் போட்டிருந்த பலகைமேல் இறக்கவைத்தாய்.

பாகங்களைத் துடைக்கத் துணி வேண்டும் என்றேன். உள்ளே போய் ஒரு கட்டுத் துணியோடு வந்தாய். பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரிந்தது. பிள்ளைக்கு என்று பழைய வேட்டிகளைக் கிழித்து, வெந்நீரில் அலசி, மடித்துப் பெட்டியில் வைத்திருந்த துணிகள்.

"ஐயோ, அது வாணாம்" என்றேன்.

"சும்மா பொட்டியில கெடந்து இன்னா பண்ணப்போவுது?" என்று ஒரு துண்டை எடுத்து மண்ணெண்ணெயில் நனைத்தாய். அதைப் பிழிந்து என்ஜினின் மேல்பக்கத்தைத் துடைக்க ஆரம்பித்தாய்.

மறுநாள் அண்ணன் ஊருக்குப் போய்விட்டார். நாம் இருவர் மட்டும் என்ஜினைப் பிரித்தோம். அடிப்பக்கம் திறந்ததும் கெட்டுப்போனது எது என்று கண்ணுக்கே தெரிந்தது. ஒரு பேரிங் உருகி, தகடு தகடாகப் பிய்ந்து எண்ணெயில் கிடந்தது. அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாய்.

"இதுனாலதான் நின்னுச்சா?"

"ஆமா."

"அது நின்னதாலதான் புள்ள போச்சின்னு நெனச்சிக்கினு இருக்கீங்களா?"

ஆமாம் என்று தலையாட்டினேன். நீ அதைக் கீழே வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாய்.

"வண்டியில ஏர்றதுக்கு மொத நாளே வயித்துல அசைவு நின்னுபோச்சி. தூங்குதுன்னு நெனச்சேன். ஆருகிட்டயும் சொல்லல. ஆஸ்பத்திரில நர்சம்மா சொன்னாங்க, முன்னாடியே போயிடுச்சிம்மான்னு. சொன்னா நீங்க ஏன் அன்னிக்கே சொல்லலன்னு கேப்பீங்கன்னு..." அதற்குமேல் சொல்ல முடியாமல் அந்தத் துணியிலேயே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாய். நானும் அழுதேன். நீ என்னைக் குற்றம் சொல்கிறாய் என்று நானும், நான் உன்னைக் கேட்டுவிடுவேன் என்று நீயுமாக, ஒரே வீட்டுக்குள் அத்தனை மாதம் இருந்திருக்கிறோம்.

"ஒம்மேல எதுவும் இல்ல" என்றேன்.

"உங்க மேலயும் இல்ல" என்றாய்.

முகத்தைத் துணியிலிருந்து எடுத்தபோது கன்னமெல்லாம் கறுப்பாக எண்ணெய் ஒட்டியிருந்தது. அதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கன்னத்தைத் தொட்டுக் கையைப் பார்த்துவிட்டு நீயும் சிரித்தாய். அழுகையும் நிற்கவில்லை. அன்று மத்தியானம் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டோம். அப்படி ஒரு பசி அதற்கு முன்னும் பின்னும் எனக்கு எடுத்ததில்லை.

விழுப்புரத்து லேத்துப் பட்டறையிலிருந்து கிராங்க் ஷாப்ட் சாணை பிடித்து வந்தது. புது பேரிங், புது ரிங். வெயில் பாறைகளில் இறங்கி ஊரே கொதித்த பங்குனியில், கொட்டகைக்குள் உட்கார்ந்து நீ வால்வுகள் கசியாமல் உட்காரச் சாணைப் பசை தடவித் தேய்த்துக்கொண்டிருந்தாய். தேய்க்கிறபோது வாய் ஓயாது. சின்ன வயதுக் கதை, பக்கத்துத் தெருச் சண்டை, பிள்ளைக்கு வைக்க நினைத்திருந்த பெயர், எல்லாம் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கட்டு அவிழ்த்த பிறகும் நான் ஸ்பேனரைத் தொட நீ விடவில்லை.

என்ஜினைத் திரும்ப இறக்கிய அன்று உன் அண்ணன் கைப்பிடியை எடுத்தார்.

"தள்ளுண்ணா. நான்தான் சுத்துவேன்" என்றாய்.

கட்டைவிரலைச் சேர்த்து மடக்காதே, திருப்பி அடித்தால் கையை விட்டுவிடு என்று திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டு உள்ளே ஏறி உட்கார்ந்தேன். முதலில் ஒன்றுமில்லை. மறுபடி சுற்றினாய். ஒரு தும்மல் போட்டு நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு தரம் சுற்றினாய். பிடித்துக்கொண்டது. புகை கொஞ்சம் அடித்துவிட்டு அடங்க, ஒரே சீராக ஓடியது. அந்தத் தட்டும் சத்தம் வருகிறதா என்று காதைக் கூர்மையாக்கிக்கொண்டு கேட்டேன். இல்லை. கண்ணாடிக்கு வெளியே நீ கைப்பிடியை ஏந்திக்கொண்டு, மூச்சு வாங்க, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். இல்லை என்று தலையாட்டினேன். அப்படியே மட்கார்டில் சாய்ந்துகொண்டாய்.

அடுத்த வருஷம் அதே காரில்தான் திண்டிவனத்துக்குப் போனோம். நீ பின்சீட்டிலிருந்து, "இப்ப ஒதைக்குது... இந்தா, இன்னொரு வாட்டி ஒதைக்குது" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாய். எந்த இடத்திலும் நிற்காமல் போய்ச் சேர்ந்தோம். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபோது உள்ளே நம் மகள் அழுத சத்தம் கேட்டது. பெஞ்சில் உட்கார்ந்து அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

நீ போய் நான்கு கோடை ஆகிறது. கார் எப்போதோ கைமாறிப் போய்விட்டது. உன்னிடமிருந்து வந்த ஒரு பழக்கம் மட்டும் என்னிடம் இருக்கிறது. போன வாரம் இரண்டு நாளாக நெஞ்சில் ஒரு அழுத்தம். வயதானவனுக்கு வருவதுதான், மகளை ஏன் கலவரப்படுத்த வேண்டும் என்று முதலில் நினைத்தேன். அப்புறம் சமையலறைக்குப் போய், "அம்மாடி, நெஞ்சு ஒரு மாதிரியா இருக்குது" என்று சொல்லிவிட்டேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். எல்லாப் பரிசோதனையும் பார்த்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை, மாத்திரை போதும் என்றார் டாக்டர். திரும்பி வருகிற வழியில் அவள் என் கையை விடவே இல்லை.

"நல்லவேள, சொன்னியே நைனா" என்றாள்.