வேடியப்பனுக்கு வைத்த முதல் மஞ்சள்

என் தங்கையைக் கட்டிக்கொண்டு போனபோது என் நிம்மதியையும் சீராகச் சேர்த்து வாங்கிக்கொண்டு போன அன்பு மாப்பிள்ளை ஏழுமலைக்கு,

அண்ணாமலையார் சாட்சியாக, எட்டு மாவட்டத்துக்குக் கேட்கும் என் மைக் செட் சாட்சியாகச் சொல்கிறேன். இதில் வரப்போவது யாரும் நம்பாத கதை. நீ ஊர்த் தபாலைச் சுமந்தே ஓய்ந்தவன். உனக்கு வரும் தபாலை ஊரே படிக்கட்டும் என்று உன் நினைவுநாள் நோட்டீஸில் அச்சடிக்கக் கொடுத்துவிட்டேன்.

எமர்ஜென்சி காலத்தில் இந்தப் பைத்தியம் உன்னைப் பிடித்தது. கீழ்பென்னாத்தூர் பக்கம் சைக்கிளில் கடிதத்தோடு போவாய், ஓட்டாஞ்சில்லோடு திரும்புவாய். கடலைக் கொல்லையில் கிடைத்த கல் கோடாரி, கிணறு வெட்டும்போது உடைந்த தாழியின் விளிம்பு, துளை போட்ட பாசிமணி. ஜனங்கள் மணியார்டரை வாங்கிக்கொண்டு இதையெல்லாம் உன் பையில் போட்டார்கள். வீட்டில் காலை வைக்க இடமில்லை. "எது சோத்துப் பானை, எது செத்தவங்க பானைன்னே தெரியலண்ணா" என்று பச்சையம்மா என்னிடம் குறைப்பட்டுக்கொண்டாள். குறையா அது? அதில் எவ்வளவு பெருமை!

அப்புறம்தான் ஊருக்கு வெளியே குன்றில் இருந்த குகையைப் பிடித்தாய். மழைக்கு ஆடு ஒதுங்குகிற இடம். அதிலிருந்த நாலு லட்சம் வவ்வால்களை நாம் இரண்டு பேரும் விரட்டினோம். மூன்று நாள் வானம் இருண்டு கிடந்தது. மெட்ராஸில் பகலிலேயே விளக்குப் போட்டார்களாம். கல் பலகைகளை அடுக்கிப் பொருள்களை வைத்து, ஒவ்வொன்றின் கீழும் ஒரு அட்டை எழுதினாய். தபால்காரனுக்கு வேறென்ன எழுதத் தெரியும்? "அனுப்புநர்: பெயர் தெரியவில்லை, மேட்டுக் கொல்லை, ஆறடி ஆழம். பெறுநர்: பார்க்க வருகிறவர்."

அத்தனை அட்டைகளில் ஒன்றிலாவது வவ்வால் விரட்டியவன் பெயர் உண்டா, மாப்பிள்ளை?

ஆசிரமத்துப் பக்கமிருந்து வெள்ளைக்காரர்கள் வந்தார்கள். வரிசையின் தலை குகைக்குள் இருந்தது, வால் கடலுக்குள் இருந்தது. பெரிய அதிகாரி ஒருவர் வந்து உன் கையைப் பிடித்துக் குலுக்கினார். நானும் கையை நீட்டினேன். அதில் மைக்கைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அன்று பச்சையம்மா யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள்: "எங்க அண்ணன் சத்தம் போடுவாரு. இவரு சேர்த்து வைப்பாரு." அதைக் கேட்டபின் இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

பிறகு அந்தக் கல் வந்தது. வாய்க்காலைத் தாண்டக் குப்புறப் போட்டிருந்த பலகைக்கல். புரட்டினால் வில்லோடு ஒரு மனிதன், பக்கத்தில் பழைய எழுத்து. மாடு மீட்கப் போய்ச் செத்தவன் என்று படிக்கத் தெரிந்தவர்கள் சொன்னார்கள். நம் பக்கத்தில் அப்படி ஒரு கல்லைக் கண்டால் வேடியப்பன் என்று கும்பிடுவார்கள். அது உனக்கும் தெரியும். அதனால் வந்தவர்களிடமெல்லாம் கெஞ்சினாய். "மஞ்சள் வேணாங்க, எண்ணெய் வேணாங்க. எழுத்து மூடிக்கும். இவ்ளோ நாளா மிதிச்சோம், இனிமேயாவது படிப்போம்." அட்டையில் எழுதினாய்: "அனுப்புநர்: மாடு மீட்கப் போய்த் திரும்பாதவன்."

ஒரு வியாழக்கிழமை மதியம் நீ தபால் கொடுக்கப் போயிருந்தாய். நான் குகைக்குப் போனேன். கல் முழுக்க மஞ்சளைக் குழைத்துப் பூசினேன். குங்குமம் வைத்தேன். ஒரு எலுமிச்சம்பழத்தையும் வைத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் மூன்று பெண்கள் கும்பிட்டார்கள். அடுத்த வாரம் முப்பது பேர். ஆடியில் மூன்று கோடிப் பேர் பொங்கல் வைத்தார்கள், புகையில் மலையே தும்மியது. உன் தாழிகளை ஓரம் தள்ளிவிட்டு அடுப்பு மூட்டினார்கள்.

அந்த முதல் வெள்ளிக்கிழமை நீ என் வீட்டுக்குச் சாப்பிட வந்தது நினைவிருக்கிறதா?

"யாரு வச்சிருப்பாங்க, மச்சான்?"

"சாமி தானா வச்சிக்கிட்டிருக்கும், மாப்ளே."

நீ என் விரல்களைப் பார்த்தாய். "கைய இன்னும் நல்லா கழுவிட்டு உக்காரு" என்றாய். ரசத்தை ஊற்றிக்கொண்டாய். அவ்வளவுதான். அதன்பின் பத்து வருஷம் அவர்கள் வெள்ளிக்கிழமை பூசினார்கள், நீ சனிக்கிழமை ஈரத்துணியால் துடைத்தாய். பச்சையம்மாவிடம்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை. எப்படி உன்னால் முடிந்தது? நானாக இருந்தால் அன்று சாயங்காலமே மைக்கில் அறிவித்திருப்பேன்.

இப்போதைய செய்தி கேள். குகையில் மாட்டிய உன் போட்டோவுக்கும் யாரோ குங்குமம் வைத்துவிட்டார்கள். இத்தனை வருஷம் உயிரோடு இருக்கிற எனக்கு ஒரு விபூதிக் கீற்றுக்கூட யாரும் வைத்ததில்லை. செத்தும் என்னை முந்துகிறாய்.

அது போகட்டும். பொங்கல் வைக்கிற பெண்களுக்குத் தலைவி கன்னியம்மா, ஆடிக்குள் கல்லைச் சுற்றிச் சிமெண்டு மேடை கட்டப்போகிறாளாம். எழுத்து இருக்கிற பக்கம் மேடைக்குள் போய்விடும். "இந்த ஒடஞ்ச பானை ஓட்டையெல்லாம் வெளிய போட்டுடலாம்" என்கிறாள். பத்து வருஷம் நீ துடைத்துக் காப்பாற்றியது ஒரே நாளில் போய்விடும். நேராகப் போய் ஒப்புக்கொண்டேன்.

"கன்னியம்மா, அது தானா வந்த மஞ்சள் இல்ல. பொறாமையில நான் வச்சது."

"இன்னாண்ணா நீ, போன தீபத்துக்கு அண்ணாமலையாரே உன் கைய புடிச்சி மலையிலேர்ந்து எறக்கி வுட்டாருன்ன. இப்ப எங்க சாமியே நீ வச்சதுன்ற."

எல்லோரும் சிரித்தார்கள். "செத்த மனுஷனுக்குப் பேரு ஜாஸ்தியாவுதேன்னு மாமாவுக்கு வயித்தெரிச்சல்" என்றாள் இன்னொருத்தி. பச்சையம்மாவும் அங்கே இருந்தாள். "வாண்ணா, வூட்டுக்குப் போலாம்" என்று என் கையைப் பிடித்து இழுத்தாள். அவளும் நம்பவில்லை, மாப்பிள்ளை.

நீ போனதிலிருந்து சனிக்கிழமை ஈரத்துணி என் கையில்தான். அது நிற்காது. சிமெண்டு மூட்டை வருகிற அன்று குகை வாசலில் நான் உட்கார்ந்திருப்பேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

கன்னியம்மா, இந்த நோட்டீஸை யாராவது உனக்குப் படித்துக் காட்டுவார்கள். வவ்வால் ஒரு முப்பது இருக்கும். வெள்ளைக்காரர்கள் நாலு பேர். மலை தும்மவில்லை. மீதியையும் பொய்யென்று உன் இஷ்டத்துக்குத் தள்ளிவிடு. அந்த வியாழக்கிழமை கல்லில் மஞ்சள் பூசிய கை மட்டும் என்னுடையதுதான்.

இப்படிக்கு,
உன் பச்சையம்மாவின் அண்ணன், உன் பிள்ளைகளின் தாய்மாமன்,
மச்சான் குப்புசாமி