இடது தோளில் ஒரு வளையம்

10.5.76 திங்கள்

வெயில். எட்டு மணிக்கே தரை சுடுகிறது. பேட்டரி மாற்றினேன்.

வ. இல்லை. பதினோராவது நாள். முன்பெல்லாம் வாரத்துக்கு மூன்று. (வ. என்றால் வலிப்பு. முழுதாக எழுதினால் வந்துவிடுமோ என்று பயம். இரண்டாம் வகுப்பு டீச்சராக இருந்தவளுக்கு இந்தப் புத்தி.) டாக்டர் எழுதச் சொன்னது தேதி, நேரம், மாத்திரை மட்டும். மற்றதெல்லாம் என் சொந்தக் கச்சேரி.

பக்கத்து வீட்டு மல்லிகா பெட்டியைப் பார்க்க வந்தாள். மறுபடி அதே பாடம்: பின்தலைக்குள் சின்னத் தகடு, தோலுக்கடியில் கம்பி, இடது காறையெலும்புக்குக் கீழே ஒரு வில்லை. அதன்மேல் பிளாஸ்திரி போட்டு ஒட்டிய வளையம். வளையத்திலிருந்து ஒயர், இடுப்பில் பெட்டி. பெட்டி அனுப்புகிற கரண்டு தோலைத் தாண்டி உள்ளே போய் வலிப்பை அடக்கும். மெட்ராஸில் போன மாதம் வைத்தது.

"ஷாக் அடிக்காதாக்கா?"

"எனக்கு அடிக்காது. நீ தொட்டுப் பாரு."

ஓடிவிட்டாள்.

12.5.76 புதன்

வ. இல்லை. தூக்கம் ஏழு மணி நேரம்.

நான் குளிக்கும்போது அம்மா வெளியே உட்கார்ந்து பேசிக்கொண்டே இருக்கிறாள். பதில் வராவிட்டால் கதவைத் தள்ளுவாள். பன்னிரண்டு வருடமாகத் தாழ்ப்பாள் போட்டதில்லை. இன்றைய பேச்சு: புளி விலை, மல்லிகாவின் மாமியார், மறுபடி புளி.

ஹெட்மிஸ்டிரஸ் சொல்லி அனுப்பியிருக்கிறார். டாக்டர் கடிதத்தோடு வந்தால் ஜூன் 7 பள்ளி திறக்கும்போது என் வகுப்பு எனக்கே. இல்லாவிட்டால் வேறு ஆள் போட்டுவிடுவார்கள்.

அண்ணன் தறியில் உட்கார்ந்தால் பக்கத்தில் டிரான்சிஸ்டர் பாடவேண்டும். நான் கிட்டே போனால் என் பெட்டியின் 'கிர்கிர்' அதில் கேட்கிறது.

"தள்ளி நில்லும்மா. பாட்டுக்குள்ள பல்லி கத்திக்கினு இருக்குது."

14.5.76 வெள்ளி

மாலை 5.10. வ. இரண்டு நிமிஷமாம்.

நன்றி சொல்லலாம் என்று அம்மா அம்மன் கோயிலுக்குக் கூட்டிப் போனாள். மயில்கழுத்து நிறப் பட்டு, தலை நிறையப் பூ. பிரகாரம் சுற்றும்போது விழுந்தேன். முழித்துப் பார்த்தால் கையில் யாருடைய வீட்டுச் சாவிக்கொத்தோ. இரும்பு பிடித்தால் நின்றுவிடுமாம். மண்டைக்குள்ளேயே தகடு வைத்திருக்கிறவளுக்குச் சாவிக்கொத்து.

நாக்கு கடிபட்டிருக்கிறது. கூட்டத்தில் ஒரு குரல்: "அம்மனுக்கே அந்த மிஷின் புடிக்கல போலக்குது." வீட்டுக்கு வந்து அழுதேன். நாக்கு வலியால் இல்லை.

19.5.76 புதன்

வ. இல்லை. ஐந்து நாளாகவே இல்லை. நம்பலாமா? அம்மா பெட்டியைச் சந்தேகமாகவே பார்க்கிறாள், அழையாமல் வந்த சம்பந்தி மாதிரி.

23.5.76 ஞாயிறு

பகல் 11.40. வ. மூன்று நிமிஷம்.

அண்ணிக்கு வளைகாப்பு. அம்மா மறுபடி அதே மயில்கழுத்துப் பட்டுச் சேலையைக் கட்டிவிட்டாள். அவள் கையில் வளையல் அடுக்கிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான் ஞாபகம். என் தலை அண்ணியின் மடியில் இருந்ததாம். அவளுடைய அம்மா, "ஏழு மாசத்துல இதெல்லாம் பாக்கக்கூடாது, எழுந்துருடி" என்று இழுத்தாராம்.

அண்ணி எழுந்திருக்கவில்லை. "என் நாத்தனா இப்படிக் கெடக்குறப்போ எங்க போவ சொல்றம்மா?"

இதை மறக்கக்கூடாது என்று எழுதி வைக்கிறேன்.

24.5.76 திங்கள்

அண்ணன் டிரங்க் கால் போட்டுப் பேசினான். 31-ஆம் தேதி வரச் சொன்னாராம் டாக்டர். பலன் இல்லையென்றால் எல்லாவற்றையும் எடுத்துவிடலாம், சும்மா உள்ளே வைத்திருந்தால் கிருமி சேரும் என்றாராம்.

எடுத்தால் மறுபடி வாரத்துக்கு மூன்று. பள்ளிக்கூடமும் போச்சு. இரவு சோறு இறங்கவில்லை.

26.5.76 புதன்

வ. இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கட்டிய பட்டுச் சேலையை நிழலில் உலர்த்தி, இடது தோளில் போட்டுக்கொண்டு தறிப்பக்கம் போனேன். டிரான்சிஸ்டர் தெளிவாகப் பாடியது.

அண்ணன் கேட்டான்: "பெட்டிய நிறுத்திட்டியா?"

"இல்லியே."

சேலையை எடுத்தேன். கிர்கிர். முந்தானையை வளையத்தின்மேல் மடித்துப் போட்டேன். சத்தம் செத்துவிட்டது. எடுத்தேன். கிர்கிர். அண்ணன் தறியை விட்டு எழுந்து வந்து அவனும் போட்டுப் பார்த்தான், எடுத்துப் பார்த்தான். பத்துத் தடவையாவது இருக்கும்.

ஓடிப்போய் இந்த நோட்டைப் புரட்டினேன்.
14 – பட்டு. வ.
23 – பட்டு. வ.
மற்ற நாள் எல்லாம் மெல்லிய பருத்தி வாயில் சேலை. வ. இல்லை.

ஜரிகை என்றால் வெள்ளிக் கம்பி. முந்தானை மடிப்பில் அது ஏழெட்டு அடுக்கு. கரண்டு உள்ளே போகாமல் அதிலேயே நின்றிருக்கிறது. வில்லையை இடப்பக்கம் வைத்தவர் ஆம்பிளை டாக்டர். முந்தானை எந்தத் தோளில் போகும் என்று அவருக்கு யார் சொல்வது?

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். "ரெண்டு தபாவும் நான்தானே கட்டிவுட்டேன்."

"பழியிலேருந்து அம்மன் தப்பிச்சாளேம்மா" என்றேன். அழுதுகொண்டே சிரித்தாள்.

31.5.76 திங்கள்

மெட்ராஸுக்கு முதல் பஸ். பையில் பட்டு, டிரான்சிஸ்டர், நோட்டு.

டாக்டர் முதலில் நம்பவில்லை. அண்ணன் மேஜைமேல் டிரான்சிஸ்டரைத் திருகினான். நான் முந்தானையைப் போட்டேன், எடுத்தேன். டாக்டர் எழுந்துபோய் இன்னும் இரண்டு டாக்டர்களைக் கூட்டிவந்தார். மறுபடி செய்யச் சொன்னார்கள். வகுப்பில் பாடம் எடுத்த மாதிரியே இருந்தது.

"பக்கத்துல உலோகம் இருந்தா பவர் குறையும். அது எங்களுக்குத் தெரியும். சேலையில உலோகம் இருக்கும்னு தோணலைம்மா" என்றார்.

எடுக்கவில்லை. உள்ளேயே இருக்கட்டும் என்றார். எப்போதுமே வராது என்று சொல்லமுடியாது, மாத்திரையையும் விடக்கூடாது. அடுப்பு, கிணறு கொஞ்ச நாள் வேண்டாம். பள்ளிக்கூடம் போகலாம். கடிதம் கையில்.

பஸ்ஸில் அண்ணன் பையிலிருந்த பட்டின் ஜரிகையை விரலால் தேய்த்துப் பார்த்துக்கொண்டே வந்தான். அப்புறம், "உனக்கு ஜரிகை இல்லாம ஒரு சேலை நெய்றேன். கரைக்கும் பட்டு நூலே போட்டுடலாம். அரக்குல பச்சை. இன்னா சொல்ற?"

சரி என்றேன்.

7.6.76 திங்கள்

வ. இல்லை. பதினைந்தாவது நாள்.

லேசான மேகம். நீல வாயில் சேலை. பெட்டி இடுப்பில், சேலைக்குள்.

ஹெட்மிஸ்டிரஸ் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். வகுப்பைக் கொடுத்தார். ஆனால் பள்ளிக்கூடத்து ஆயாவை ஸ்டூல் போட்டு என் வகுப்பு வாசலில் உட்காரவைத்தார். "ஒரு பாதுகாப்புக்கு" என்றார். கோபம் வந்தது. சாக்பீஸை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

நாற்பத்தொரு பேர். பாதிப் பேருக்கு சிலேட் இல்லை. முதல் பெஞ்சு சுமதி ஒயரைப் பார்த்துவிட்டாள்.

"டீச்சர், உள்ள ரேடியோவா?"

"ஆமாம். நீங்க பேசினா எனக்குக் கேட்கும்."

ஐந்து நிமிஷம் அமைதி. அப்புறம் பழைய சந்தைக்கடை.

கூட்டல் நடத்தினேன். ஒரு மூக்கு ஒழுகல், ஒரு சண்டை, ஒரு பல் விழுந்தது. போர்டில் எழுதும்போது முதுகைக் காட்டி நின்றேன், எவ்வளவோ நேரம்.

மூன்று மணிக்குத் திரும்பிப் பார்த்தால் வாசலில் ஸ்டூல் மட்டும் இருக்கிறது. ஆயா எப்போது எழுந்து போனாள் என்று நான் கவனிக்கவேயில்லை.