பேட்டரிக்கு அடியில் ஓர் 'ஏ'

மார்ச் 3, 2025, திங்கள்

எங்கள் வாழை உழவர் குழு இனி வானத்தில் பறக்கப் போகிறது. தலைவர் மயில்சாமி கூட்டத்தில் அறிவித்துவிட்டார். ஏதோ கல்யாணத்தில் ட்ரோன் தன்னை மேலிருந்து படம் பிடித்ததிலிருந்து அவர் கால் தரையில் இல்லை. தோட்டம் அளக்க, சேதத்தைப் படமெடுக்க என்பதெல்லாம் பின்னால் கண்டுபிடித்த காரணங்கள். பரமத்தி வேலூர் அலுவலகத்துக்கு ஒரே எழுத்தர் நான். "எது நல்லதுன்னு பாத்துச் சொல்லு அம்மிணி" என்றார்.

மார்ச் 6, வியாழன்

மூன்று நாள் பார்த்தேன். நமக்குத் தோதான மாடல் ஒன்றுதான். ஆனால் அதில் இரண்டு வகை. பெட்டி ஒன்று, உடம்பு ஒன்று, பெயரும் ஒன்று. உள்ளே இருக்கும் போர்டு மட்டும் வேறு. பழைய வகை பறந்துகொண்டே படமெடுத்தால், எடுத்த இடத்தைக் குறிக்காது. சில நொடிக்கு முன்னால் இருந்த இடத்தைக் குறிக்கும். புதியதில் அதைச் சரிசெய்திருக்கிறார்கள். கண்டுபிடிக்கப் பேட்டரியைக் கழற்ற வேண்டும். அடியில் உள்ள எண் 'ஏ' என்று முடிந்தால் பழசு, 'பி' என்றால் புதுசு.

எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். தலைவர் அதை நாலாக மடித்து விசிறிக்கொண்டார். நல்ல காற்று வந்திருக்கும்.

மார்ச் 12, புதன்

தலைவரும் மருமகன் சபரிநாதனும் சேலம் போய் வாங்கியே வந்துவிட்டார்கள். மாலை, எலுமிச்சம்பழம், சூடம். சூடம் அணைந்ததும் பேட்டரியைக் கழற்றிப் பார்த்தேன்.

ஏ.

"அது ஒண்ணுமில்லீங்க அக்கா, சாப்ட்வேர் ஏத்துனா பி ஆயிரும்" என்றார் சபரிநாதன். எருமைக்குப் பேர் மாற்றினால் ஜெர்சி ஆகிவிடும்போல.

மார்ச் 13

ஏற்றினார்கள். ஏ, ஏதான்.

மார்ச் 23, ஞாயிறு

ஜேடர்பாளையம் தடுப்பணையில் வெள்ளோட்டம். தண்ணீர், தென்னை, நடுவே வெள்ளைச் சட்டையில் தலைவர். மேலிருந்து பார்த்தால் மனிதரின் வழுக்கை மட்டும் பளபளத்தது. எல்லோரும் கைதட்டினோம். நானும்தான்.

ஏப்ரல் 17, வியாழன்

சாயங்காலம் சூறைக்காற்று. இருபது நிமிடம்கூட இருக்காது. தார் விட்ட பூவன் மரங்கள் வரிசை வரிசையாகப் படுத்துவிட்டன. எங்கள் தோட்டமும். அப்பா வரப்பில் உட்கார்ந்துவிட்டார். ஆற்றோரம் சின்னாயி அக்கா தோட்டம். புருஷன் போன பிறகு ஒண்டியாகக் குத்தகைக்கு ஓட்டுகிறார். விழுந்த மரங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனார்.

ஏப்ரல் 19, சனி

சபரிநாதன் மரம் சாய்ந்த பதினோரு பேர் தோட்டத்தையும் ஒரே மூச்சில் பறக்கவிட்டுப் படமெடுத்தார். கறுப்புக் கண்ணாடி வேறு.

"நின்னு நின்னு எடுங்க" என்றேன்.

"நின்னா பேட்டரி தீந்துருமுங்க அக்கா."

படங்களை நாமக்கல் பயிர்க் காப்பீட்டு அலுவலகத்துக்கு அனுப்பியது நான். இடம் சரிதானா என்று திறந்து பார்த்தேனா? இல்லை.

ஏப்ரல் 20, ஞாயிறு

தலைவர் ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொல்கிறார்: "படந்தான் எடுத்தாச்சே, மரத்த வெட்டி எறிஞ்சுட்டு உழவு ஓட்டுங்க."

பதில் வரட்டும், பொறுங்கள் என்று அப்பாவிடம் சொன்னேன். "தலைவரே சொல்றாரு, உனக்கென்ன தெரியும்?" என்றபடி டிராக்டர்காரருக்குப் போன் போட்டார்.

மே 9, வெள்ளி

பதினோரு விண்ணப்பமும் நிராகரிப்பு. படங்கள் காட்டும் இடம் தோட்டங்களோடு பொருந்தவில்லையாம். எங்கள் வாழை பக்கத்துக் கரும்புக் காட்டில் விழுந்து கிடக்கிறது. சின்னாயி அக்காவுடையது காவிரிக்குள்.

"ஏஞ்சாமி, எந்தோட்டம் ஆத்துக்குள்ள எப்பிடிப் போச்சு?" என்று கேட்டார் அக்கா. கிண்டல் இல்லை. நிஜமாகவே கேட்டார்.

மதியம் தலைவர் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "சர்வே நம்பர நாந்தான் தப்பாப் போட்டேன்னு எழுதிக் குடுத்துரு அம்மிணி. நீ சின்னப் புள்ள, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

எனக்கு முப்பத்தொரு வயது. தப்பைச் சுமக்க மட்டும் சின்னப் புள்ள!

மே 10, சனி

எழுத மாட்டேன். நான் என்னத்துக்கு எழுதோணும்? தாள்ல எழுதிக் குடுத்தேன், வாயிலயும் சொன்னேன் — ஆனா அனுப்பறப்ப ஒருக்காத் தெறந்து பாத்திருக்கலாமே. அவர்களைப் பார்த்து உள்ளுக்குள் சிரிப்பதோடு என் வேலை முடிந்தது என்று இருந்துவிட்டேனோ?

மே 12, திங்கள்

ட்ரோனைப் பையில் போட்டுக்கொண்டு சின்னாயி அக்காவோடு நாமக்கல் பஸ் ஏறினேன். அதன் கையேட்டை முழுதாகப் படித்தவள் குழுவில் நான் ஒருத்திதான்.

காப்பீட்டு அதிகாரி யாகப்பனைப் பின்னால் இருந்த காலி மைதானத்துக்கு அழைத்துப்போய், ஒரே வேப்பமரத்தை இரண்டு முறை எடுத்துக் காட்டினேன். நின்று எடுத்த படத்தின்படி மரம் மைதானத்தில் இருந்தது. பறந்துகொண்டே எடுத்ததன்படி சாலைக்கு அந்தப் பக்கம் போயிருந்தது. அவர் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"நேர்ல வந்து பாக்கறோம்மா. விழுந்த மரம் இன்னும் கெடக்குதுல்ல?"

"என்னுது கெடக்குதுங்க. வெட்டறதுக்கு ஆளில்ல" என்றார் அக்கா.

நான் ட்ரோனை எடுத்துப் பையில் வைத்தேன்.

மே 16, வெள்ளி

வந்து பார்த்தார்கள். ஏழு பேர் தோட்டத்தில் மரங்கள் கிடந்தன, எழுதிக்கொண்டார்கள். நாலு பேர் தோட்டம் சுத்தமாக உழுது கிடந்தது. எங்களுடையது மிகச் சுத்தம்.

ஜூன் 21, சனி

ஏழு பேருக்கும் இழப்பீடு வந்துவிட்டது. 'தலைவரின் அயராத முயற்சிக்கு நன்றி' என்று பேருந்து நிலையத்தில் பேனர். வைத்தவர் தலைவர். ட்ரோன் இப்போது சபரிநாதனோடு கல்யாணங்களுக்குப் போய்வருகிறது. நேற்றோடு என்னை நிறுத்திவிட்டார்கள் — குழுவின் சொத்தை அனுமதியில்லாமல் பஸ் ஏற்றிய குற்றம்.

வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

காலையில் தோட்டத்துக்குப் போனேன். அப்பா புதுக் கன்றுகளை இறக்கிக்கொண்டிருந்தார்.

"ரெண்டு நாளு லீவு சொல்லிட்டு வா அம்மிணி. கூட ஒரு ஆளு வேணும்."

"லீவு வேண்டாமுங்கப்பா. என்னைய நிறுத்திட்டாங்க."

அப்பா கடப்பாரையை ஊன்றியபடி நின்றார். வரிசை பிடிக்கும் கயிற்றின் ஒரு முனையை என் கையில் கொடுத்துவிட்டு, மறுமுனையோடு தோட்டத்தின் அந்தக் கோடிக்கு நடந்தார்.

"நேரா இருக்குதா?" என்று அங்கிருந்து கத்தினார்.

"கொஞ்சம் கெழக்கால தள்ளுங்க."

தள்ளினார்.

"இப்ப?"

நான் சரி என்று சொன்ன பிறகுதான் முதல் குழியைத் தோண்டினார்.