அப்பாவின் ஐந்து பொத்தான்கள்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம். நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன், சாப்பிடாமல் இருந்தால் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து மீதியைப் படி. இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக அப்பாவின் நீலச் சட்டையைக் கட்டிலில் எடுத்து வைத்துவிட்டு, எதிரே நாற்காலியில் என் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டு உட்கார்ந்தேன். இல்லாவிட்டால் அவை சும்மா இருக்காது. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்த இந்த ஏழு மாதத்தில் நான் செய்த தப்பு அதுதான். அவரே பொத்தான் போடட்டும், எத்தனை நிமிடம் ஆகிறது என்று மட்டும் நோட்டில் குறித்து வை என்று சொல்லிவிட்டு உன் மறுவாழ்வுச் சிகிச்சைப் படிப்புக்குத் திரும்பிப் போனாய். நானோ அந்த வலது கை தடுமாறுவதைப் பார்க்க முடியாமல் நான்கு பொத்தானை நானே போட்டுவிட்டு, கடைசி ஒன்றை அவருக்கு விட்டேன். நான்கு நிமிடம் என்று உனக்கு எழுதியதெல்லாம் அந்த ஒரு பொத்தானின் கணக்கு.

போன ஞாயிறு உன் சித்தப்பா வந்தபோது அதைப் பார்த்துவிட்டார். சட்டை போடக் கத்துக்குடுக்க ஒரு முதுகலைப் படிப்பா, அதான் அண்ணியே போட்டுவிடுறாங்களே, புள்ளைய வரச் சொல்லி வீட்டோட வெச்சுக்கோங்க என்றார். நீங்க இடது கையால மட்டும் சட்டையப் போட்டுக்கிட்டு ஒரு நாள் வாங்க, அப்புறம் பேசலாம் என்றேன். இன்னும் வரவில்லை, பாதிச் சட்டையில் நிற்கிறாரோ என்னவோ. ஆனால் அவர் உனக்குப் போன் செய்ததும் நீ ஆடிப்போய்விட்டாய். படித்தது நம் வீட்டிலேயே பலிக்கவில்லை, அப்பாவோடு ஒரு ஆள் இருக்க வேண்டும், மருத்துவமனைப் பயிற்சியை விட்டுவிட்டு வருகிறேன் என்று எழுதியிருக்கிறாய். பலிக்காததற்குக் காரணம் என் அவசரக் கை, உன் படிப்பு என்ன செய்யும்? கையில் இருக்கும் இருபத்தேழு எலும்பையும் போனில் எனக்கு ஒப்பித்துவிட்டுத் தேர்வுக்குப் போனவள் நீ. இன்னும் ஆறு மாதப் பயிற்சிதான். வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்புவேன்.

இன்று ஐந்து பொத்தானுக்கும் இருபத்தாறு நிமிடம். மூன்றாவதை ஓட்டை மாற்றிப் போட்டுவிட்டார். வேடிக்கை பாக்குறதுக்கு டிக்கெட் எடுத்தியா என்று என்னிடம் எரிந்து விழுந்தார். நான் எழுந்திருக்கவில்லை. அதைக் கழற்றி மறுபடி போட்டார், பிறகு கண்ணாடி முன்னால் போய் வெகுநேரம் நின்றார். இருபத்தாறு என்றே நோட்டில் எழுதியிருக்கிறேன். அந்தப் பக்கத்தைக் கிழித்து இதோடு வைத்திருக்கிறேன், உன் ஆசிரியரிடம் காட்டு, முன்பு நான் எழுதிய கணக்கையெல்லாம் அடித்துவிடு, அம்மா பொய் சொன்னாள் என்றே சொல்.

நீ நன்றாக இருப்பாய், நீ தொட்ட கைகளெல்லாம் தேறும். நோயாளிக்கு நீயே செய்துவிடத் தோன்றும்போது என்னை நினைத்துக்கொள். குளிர் நாளில் காதை மூடிக்கொண்டு போ.

ஒன்று சொல்ல வேண்டும், அப்பாவுக்கே இன்னும் தெரியாது. திங்கட்கிழமை முதல் நூலகத்தில் மறுபடி வேலைக்குச் சேரப் போகிறேன். ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை அவர் தனியாக இருப்பார். சட்டையும் அவரே, கதவுத் தாழ்ப்பாளும் அவரே.

இப்படிக்கு,
கையைக் கட்டிக்கொண்டிருக்கும் உன் அம்மா