மணல்திட்டில் மூன்று மணி நேரம்

காதர் பீவிக்கு ஸலாம். நேற்று இந்த விடுதிக்காரர்கள் என்னைக் கடல் நடுவே தனியாக விட்டது அநியாயம். உன் முழங்கால் வலி தேவலையா?

டால்பின் பார்க்க வந்த விருந்தினருக்குப் பிரியாணி சமைக்க, மாலத்தீவின் ஒரு மணல்திட்டில் என்னை இறக்கினார்கள்.

“நீங்களும் ஏறுங்க பாய், செத்த நேரத்துல திரும்பிரலாம்” என்றார் படகோட்டி சேவியர்.

“தம் போட்டுட்டு எந்தத் திண்டுக்கல்காரன்யா அடுப்பை விட்டு வருவான்?” என்றேன்.

மூன்று மணி நேரம் படகு வரவில்லை. கடல் ஏறி அடுப்பை அணைத்தது. இடுப்பளவு நீரில் நின்றபோது கறுப்பாக ஏதோ காலை உரசிப் போனது. சாவு வந்துவிட்டது என்று கலிமா சொல்லிவிட்டேன். ஒருவழியாகப் படகில் திரும்பி வந்த விருந்தினர் பிரியாணி எங்கே என்றார்கள்.

மகன் ஃபாரிஸ் முதலாளியிடம் பேசி, இனி என்னைக் கடலுக்கு அனுப்பக் கூடாது என்று சொல்லட்டும். நீ தினமும் மஃரிப் தொழுகைக்குப் பிறகு கூப்பிடு. நான் பேசாமல் இருந்தாலும் போனை வைத்துவிடாதே.

நூர் முகமது